இரண்டாவது மிதவை

"சார், இடிச்சிடுச்சு!"

பேக்கரிக்காரர் காதில் விழாத மாதிரி சுக்கானை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"எது தம்பி?"

"நம்ம படகு, சார். ரெண்டாவது மிதவைல. என் பக்கம் நல்லா உரசிடுச்சு."

முன்னால் உட்கார்ந்து பாய்க்கயிற்றைப் பிடித்திருந்தவன் பல் டாக்டர். பேக்கரிக்காரரின் மகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன். "ஞாயித்துக்கிழமை பந்தயத்துல என் படகுல ஏறு, அப்புறம் பேசிக்கலாம்" என்று அவர் சொன்னதை நம்பி வந்திருந்தான்.

அந்தப் பாய்மரப் படகு கிளப்பின் விதி எளிமையானது. ஆற்றில் மூன்று மிதவைகள். எதையாவது படகு உரசினால், அங்கேயே ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பார்த்துச் சொல்ல நடுவர் கிடையாது. உரசியவனே ஒத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் இதைக் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக எடுத்துச் சொல்பவரே பேக்கரிக்காரர்தான்.

ஆனால் இன்று பருவத்தின் கடைசிப் பந்தயம். ஜெயித்தால் கோப்பை. வருஷா வருஷம் அதை எதிர்க்கடைத் தையல்காரர் தட்டிக்கொண்டு போய், தன் கண்ணாடி அலமாரியில் பேக்கரியைப் பார்த்த மாதிரி வைத்துவிடுவார். இவர் பன் எடுக்கத் திரும்பினால் கோப்பை. கல்லாவில் உட்கார்ந்தால் கோப்பை. அந்தத் தையல்காரர் இன்றைக்கு அதிசயமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார். இந்தச் சோம்பேறிக் காற்றில் ஒரு வட்டம் அடித்தால் போதும், எல்லாம் போச்சு.

"காத்துக்கு மிதவை தானா ஆடும், தம்பி."

"ஆடினா தெரியும் சார். இது முழங்கால் வரைக்கும் அதிர்ந்துச்சு."

"யாராவது பாத்தாங்களா?"

"நாம பாத்தோமே சார்."

பேக்கரிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, என் பொண்ணைக் கேட்டுத்தானே வந்திருக்க?"

"ஆமா சார்."

"அப்போ கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு வா. எல்லாருக்கும் நல்லது. புரியுதா?"

டாக்டர் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நல்லா புரியுது சார். ஆனா... சுத்திட்டே போயிடலாம் சார்."

நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகினவனுக்குத் தன் வாயை மூடத் தெரியவில்லையே என்று பேக்கரிக்காரர் பல்லைக் கடித்தார். அதற்குள் தையல்காரரின் படகு நெருங்கிவிட்டது.

"என்னய்யா, ஏதாவது பிரச்சினையா?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல!" என்றார் பேக்கரிக்காரர்.

"மிதவைல இடிச்சிட்டோம்!" என்றான் டாக்டர், அதே நேரத்தில்.

இனி வேறு வழியில்லை. பேக்கரிக்காரர் சுக்கானைத் திருப்பினார். படகு ஆடி அசைந்து ஒரு வட்டம் போட்டு முடிப்பதற்குள், தையல்காரர் கையை ஆட்டிக்கொண்டே தாண்டிப் போய்விட்டார்.

மூன்றாவது மிதவை வந்தபோது டாக்டர் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான், எதற்கோ காத்திருப்பவன் போல. பேக்கரிக்காரர் அந்த மிதவையை நன்றாகத் தள்ளியே, உம்மென்று கடந்தார்.

கரையில் விசில் ஊதி, கைதட்டல் எல்லாம் தையல்காரருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இவர்கள் வந்து இறங்கினார்கள்.

"நீங்கதானே முன்னாடி வந்துக்கிட்டிருந்தீங்க? என்னாச்சு?" என்று மனைவி ஓடிவந்தாள். பின்னாலேயே மகள்.

"என்னாலதான்..." என்று டாக்டர் ஈரச் சட்டையோடு தலைகுனிந்து நின்றான். "மிதவைல பட்டுடுச்சு. சுத்தித்தான் ஆகணும்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். சாரோட கோப்பை போயிடுச்சு."

எல்லோரும் பேக்கரிக்காரரைப் பார்த்தார்கள். கோப்பையைக் கட்டிக்கொண்டு நின்ற தையல்காரரும் பார்த்தார். சட்டென்று பேக்கரிக்காரரின் முகம் மலர்ந்தது. டாக்டரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"பாஸ்! தம்பி பாஸ்! அட, எல்லாம் நான் வச்ச டெஸ்ட்டும்மா! வேணும்னேதான் இடிச்சேன். முன்னாடி பொண்ணு கேட்டு வந்த என்ஜினியரையும் பேங்க்காரனையும் இப்படித்தானே பாத்தேன்? 'யாரும் பாக்கல அங்கிள், போலாம் போலாம்'னு பல்லைக் காட்டினானுங்க. இவர் ஒருத்தர்தான் என்னையே எதிர்த்து நின்னாரு. கோப்பை கெடக்குது கோப்பை, தங்கமில்ல கெடைச்சிருக்கு! மாப்பிள்ளை, இனிமே சார் இல்ல, மாமா!"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரரே கைதட்டினார். டாக்டர் மட்டும் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

மகள் மெதுவாக அப்பாவின் காதருகே வந்தாள்.

"அப்பா, அவங்க ரெண்டு பேரையும் நீங்க மூணாவது மிதவைல இடிச்சுத்தானே டெஸ்ட் பண்ணீங்க? நான் கரையிலிருந்து பாத்தேனே. அதான் மூணாவதுல உஷாரா இருங்கன்னு நேத்தே இவர்கிட்ட சொல்லி வச்சேன்."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான்.

"அதுக்குத்தான் நானும் கடைசி வரைக்கும் காத்துக்கிட்டே இருந்தேன் மாமா. ரெண்டாவதுல நீங்க நிஜமாவே இல்ல இடிச்சீங்க!"