இவாகுராவின் என்ஜின்

மின்சாரக் காருக்கு மாறினால்தான் நிதி என்று ஸ்பான்சர் சொல்லிவிட்டார். ஜப்பானின் ஹமாமட்சுவில் எங்கள் மாணவர் பந்தயக் கார் அணிக்கு வேறு கதி இல்லை. ஆனாலும் இவாகுராவை நினைத்துத் தயங்கினோம். சத்தத்தை வைத்தே என்ஜின் கோளாறைச் சொல்லிவிடுகிறவன் அவன்.

“பெட்ரோல் என்ஜினே போதும்னா கை தூக்குங்க,” என்றேன்.

ஒன்றைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. உயராதது இவாகுராவுடையது.

“உன் என்ஜினை நீயே தூக்கிப் போடுறியேடா?” என்றான் பின்வரிசையிலிருந்து குசாகா. இவாகுரா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லோரும் போனபின் அவன் எதிரே உட்கார்ந்தேன்.

“அந்தச் சத்தம் இல்லாம உன்னால இருக்க முடியுமாடா?”

என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவன், முகத்தில் மாற்றமே இல்லாமல் சொன்னான்:

“ஏப்ரல்லேருந்தே எனக்கு எதுவும் கேட்கல. இனிமே கேட்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மின்சாரக் கார்னா நானும் உங்களோட இருக்கலாம்ல.”