எந்தப் பாதி

இதயத் தசைக்கு ரத்தம் பாய, லேசரால் அதிலேயே பொடிப்பொடியாக ஓட்டை போடும் பரிசோதனைச் சிகிச்சை அது. பாதிப் பேருக்குத்தான் நிஜமாகச் சுடுவார்கள். மீதிப் பேரை மயக்கமருந்து கொடுத்துப் படுக்கவைத்து மெஷினை மட்டும் ஓடவிடுவார்கள். செங்கோட்டையன் எந்தப் பாதி என்பதை ஆராய்ச்சி முடியும்வரை அவருடைய டாக்டரிடம்கூடச் சொல்ல மாட்டார்களாம். நெஞ்சுவலி என்னவோ நின்றுவிட்டது. ஆனால் மலைக்கோயில் உண்டியல் முன்னால், காணிக்கைக்கு வாங்கிய வெள்ளி இதயத் தகட்டைப் போடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள் அவர் மனைவி பாவாயி.

“லேசர்ல குணமானா போடறேன்னுதான் வேண்டிக்கிட்டனுங்க. சுடாமயே குணமாயிருந்தா?”

“படியேறி வந்துட்டனல்ல? போட்டுத் தொலை.”

“சாமிகிட்டப் போயி பொய் சொல்றதுங்களா?”

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவள் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, தகட்டைப் பிடுங்கி, அது சல்லடையாகும்வரை குத்தினார்.

“இந்தா, இதுல ஓட்டை போட்டாச்சு. இதுலயாவது சந்தேகமில்லையே?”

பாவாயி தகட்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

“வலிக்குதுங்களா?”

இல்லை என்று கத்தத்தான் வாயைத் திறந்தார். கை அதற்கு முன்பே நெஞ்சுக்குப் போயிருந்தது.