உறவு இல்லாத ஒருவர்

"அடுத்தது மாவிஸ். ஏரியில காட்டரிசி விதைக்கிற திட்டம். இவங்களுக்கு உறவுக்காரங்க இருந்தா வெளிய போயிடுங்க," என்றாள் எழுத்தர் ரோண்டா.

ஓஜிப்வே பழங்குடிச் சமூகத்தின் நிதிக்குழுவில் ஐந்து பேர். போன வருஷம் உறவென்று ஐவருமே எழுந்து போய்விட, முடிவெடுக்க ஆளில்லாமல் மாவிஸின் மனு திரும்பி வந்தது. இந்த முறையும் அதே ஐவர்தான். அவளுடைய அத்தை எழுந்தார். சித்தப்பா எழுந்தார். பெரியம்மா பிள்ளைகள் இருவரும் காபியோடு நகர்ந்தார்கள்.

டெல்பர்ட் மட்டும் அசையவில்லை.

"கழி ஊன்றிப் படகு தள்ள ஒரு ஆளுக்குச் சம்பளம்னு போட்டிருக்கீங்க. முன்னாடி தள்ளினவர் என்ன ஆனார்?"

"அவர் தள்ளினா படகு நாணலுக்குள்ளதான் போய் நிக்கும்," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மாவிஸ்.

"நீங்க உக்காந்த இடத்துலேர்ந்து கத்தாம இருந்தா நேரா போயிருக்கும்."

"கத்தலைன்னா நின்னுக்கிட்டே தூங்கிடுவாரே!"

ரோண்டா இருமினாள். "திட்டத்தை மட்டும் பேசுங்க."

டெல்பர்ட் பெருமூச்சு விட்டார். "நம்ம ஏரியில அரிசி விளைஞ்சு ஆறு வருஷமாச்சு. குடுக்கலாம்."

"அப்படின்னா இதுல கையெழுத்து போடுங்க. இவங்க உங்களுக்கு உறவு இல்லைன்னு உறுதிமொழி."

டெல்பர்ட்டின் பேனா தயங்கியது.

"தைரியமா போடுங்க," என்ற மாவிஸ், கைப்பையிலிருந்து விவாகரத்துத் தீர்ப்பை எடுத்து மேஜையில் வைத்தாள். போன வெள்ளிக்கிழமை தேதி.

"அடிப்பாவி! பதினெட்டு வருஷக் குடித்தனத்தை அத்துவிட அவ்வளவு அவசரப்பட்டது இதுக்குத்தானா?"

"பின்னே? ஊரே உறவா இருந்தா, கையெழுத்து போட ஒரு ஆள் வேண்டாமா?"