கருணைச் செம்மல்

போலீசார் ஓட்டுநர்களிடம் நீட்டும் ஊதுகுழாய்க்கு அரசு வைத்த பெயர் 'வாய்மை'. அதில் துளி சாராயம் தெரிந்தாலும் வண்டி தானே பூட்டிக்கொள்ளும். ஓட்டுநர் உரிமம் ஆயுளுக்கும் போய்விடும். போலீசார் இரக்கப்படுவதையும் முறைப்படுத்திவிட்டார்கள்: ஒரு போலீஸ்காரர் ஆண்டுக்கு ஒரே ஒருவரைத்தான் மன்னிக்கலாம்.

ஏட்டு தளவாய் தன்னுடையதை ஜனவரி இரண்டாம் தேதியே தொலைத்துவிட்டார். டி.எஸ்.பி.யின் மைத்துனர் குடித்துவிட்டு நடுரோட்டுப் பூந்தொட்டிகளின் மேல் காரை ஏற்றியிருந்தார். "உம்ம மன்னிப்ப இங்கிட்டுத் தள்ளும்வே" என்று போனில் அதட்டல் வந்தது. தள்ளினார். மாவட்டத்தின் முதல் மன்னிப்பு என்று விழா எடுத்து, 'கருணைச் செம்மல்' பதக்கத்தைச் சட்டையில் குத்திவிட்டார்கள். கழற்றினால் மெமோ.

அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் குழாயை நீட்டுமுன் ஓட்டுநரை விசாரித்துக்கொள்வார். இன்று வந்தது மூக்கம்மாளின் ஆட்டோ. பிள்ளை பெற்று நாற்பது நாள் கழித்து இன்றுதான் மறுபடி ஓட்டுகிறாள்.

"காலையில என்ன சாப்ட்ட?" என்றார் தளவாய், குழாயை நீட்டாமல்.

"இட்லி. பெறவு பிள்ள பெத்தவளுக்குக் குடுக்க அரிஷ்டம், ரெண்டு மூடி. ஏன்யா, அதையும் சரக்குன்னு சொல்லிருமோ இது?"

கம்பத்துக் கேமரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊதாமல் அனுப்பினால் அவர் வேலை போகும். "வண்டியத் திருப்பிட்டு ஓடிரு தாயி" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் கண் பதக்கத்தில் விழுந்தது. வாசித்தாள். முகம் தெளிந்துவிட்டது.

"நல்லவேள, உங்க கையில வந்து மாட்டுனேன்" என்று குழாயைத் தானே வாங்கி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினாள்.