அரைப்பக்க விமர்சனம்

"படம் மூணு மணி நேரம். நீங்க எழுதியிருக்கிறது இடைவேளை வரைக்கும்தான். மீதி எங்கே?" என்று கேட்டார் ஆசிரியர்.

எதிரே நின்றவர் அந்த வார இதழின் சினிமா விமர்சகர். முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'.

"பார்த்த வரைக்கும் எழுதியிருக்கேன் சார்."

"அப்போ பாதியில எழுந்து வந்துட்டீங்க?"

"வர வேண்டியதாப் போச்சு."

ஏன் என்று கேட்கும் பொறுமை ஆசிரியருக்கு இல்லை. மேஜையில் அன்றைய நாளிதழ்கள் நான்கு விரிந்து கிடந்தன. நேற்று பத்திரிகைக்காரர்களுக்கென்று தனியாகப் போட்டுக் காட்டிய அந்த மாயாஜாலப் படத்தின் இரண்டாம் பாகத்தை நான்கும் நார்நாராகக் கிழித்திருந்தன. முன்பு வெளிவந்த முதல் பாகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்கள்தான். கடைசிப் போர் ஜவ்வாக இழுக்கிறதாம். டிராகன் செத்து விழும்போது தியேட்டரே கொட்டாவி விட்டதாம்.

"இவங்க எல்லாம் கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்திருக்காங்களே?"

டீச்சர் அந்த நான்கு நாளிதழ்களையும் ஒரு தரம் பார்த்தார்.

"அவங்களைப் பத்தி என்கிட்ட கேட்காதீங்க சார்."

ஆசிரியருக்குச் சுருக்கென்றது. வேலையிலும் அக்கறை இல்லை, இதில் வீறாப்பு வேறா என்று நினைத்தார். அடுத்த வாரத்திலிருந்து சினிமாப் பக்கத்தை வேறு ஆளிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

டீச்சரின் முகம் வாடியது. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பக்கத்தில் பாதி காலியாக நின்றது. ஆசிரியர் நான்கு நாளிதழ்களையும் அருகில் வைத்துக்கொண்டு மீதியைத் தாமே எழுதினார். இழுவையான போர், மனசைத் தொடாத டிராகன் சாவு என்று பேனா மளமளவென்று ஓடியது. கீழே டீச்சர் பெயரையே போட்டு அச்சுக்கு அனுப்பிய பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

சாப்பிட்டுத் திரும்பியதும் படக் கம்பெனியின் மக்கள் தொடர்பாளர் போனில் வந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு டீச்சரை மறுபடியும் தியேட்டருக்கு அனுப்பி வைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எதுக்கு? அதான் நேத்தே காட்டிட்டீங்களே."

"எங்க சார் காட்டினோம்? இடைவேளையோட புரொஜெக்டர் நின்னுபோய், எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டோம். ரெண்டாவது பாதியை வெளி ஆள் இன்னும் யாருமே பார்க்கலை."