அசைந்தது யார்

"அசையாத, என்ன?" என்று சொல்லிவிட்டு கேமராவின் ஷட்டரைத் திறந்தான்.

முப்பது நொடி.

அவள் காரில் சாய்ந்து நின்றாள். பின்னால் ஓமானின் பாலைவனம். மஸ்கட்டிலிருந்து சலாலா போகும் வழியில், ஊரோ விளக்கோ இல்லாத இடமாகப் பார்த்து, ரோட்டை விட்டுக் கொஞ்சம் இறக்கி வண்டியை நிறுத்தியிருந்தான். நிலா இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்பியதும் அவன் ஏற்பாடுதான். காருக்குள் எரிந்த சின்ன விளக்கின் மேல் அவளுடைய கைக்குட்டையைக் கட்டிவிட்டிருந்தான். அந்த மங்கல் வெளிச்சம் ஆளுக்குப் போதும்.

ஒரு லாரி கடந்து போனது.

இந்த மாதிரிப் படத்தில் ஓடுகிற எதுவும் தங்காது. லாரி காணாமல் போய் ஒரு சிவப்புக் கோடு மட்டும் மிஞ்சும். நிற்பதுதான் விழும்.

ஷட்டர் மூடியது. திரையில் பார்த்தான்.

வானத்தில் நட்சத்திரத்தை அள்ளிக் கொட்டியிருந்தது. கார் தெளிவு. நம்பர் பிளேட்கூடத் தெளிவு. அவள் முகமும் அப்படியே விழுந்திருந்தது.

வலது கை மட்டும் கலங்கியிருந்தது.

"ஏட்டி எஸ்தரு, கைய ஆட்டிட்ட."

"நான் எங்க ஆட்டுனேன்? செல மாதிரிலா நிக்கேன்."

படம் கெட்டால் காரணம் அவள்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். கண்ணை மூடியிருப்பாள், இல்லையென்றால் சிரித்துத் தொலைத்திருப்பாள். அவன் பக்கம் தப்பு நடந்ததாகச் சரித்திரமே கிடையாது.

மறுபடி திறந்தான்.

மறுபடியும் எல்லாம் தெளிவு. மறுபடியும் அந்தக் கை.

பெரிதாக்கிப் பார்த்தான்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்த இடத்தில் புகை போல ஏதோ இருந்தது. இரண்டும் சேர்ந்து எதையோ உருட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. முழங்கைக்கு மேலே ஒரு பிசிறும் இல்லை.

இப்படி உருட்டுகிற விரல்களை அவன் பார்த்திருக்கிறான்.

அவளுடைய அப்பா தூத்துக்குடியில் டெய்லர். ஒருநாள் அவரால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிறகு தன் சட்டைக்கே பொத்தான் போட முடியவில்லை. பிறகு நடக்க முடியவில்லை. கடைசியில் விழுங்கவும் மறந்துபோனார். அதுவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியது இவள்தான். இந்த நடுக்குவாதத்தில் எதற்குப் பின்னால் எது வரும் என்று யாரும் இவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.



காப்பி ஞாபகம் வந்தது. கொஞ்ச மாதமாக அவள் அரை தம்ளர்தான் கொண்டுவந்து தருகிறாள். "என்னட்டி, சீனி வெல ஏறிட்டோ?" என்று இவன் தினமும் கேலி செய்தான். அவளும் கூடவே சிரித்தாள். கொட்டாமல் கொண்டுவரத்தான் அரை தம்ளர் என்பது இந்த மரமண்டைக்கு இப்போதுதான் உறைத்தது.

இந்தப் பயணமும் அப்படித்தான். பாலைவனத்துக்குப் போவோம் என்று அவன் வருஷக்கணக்காகக் கெஞ்சியிருக்கிறான். மண்ணைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று மூக்கைச் சுழிப்பாள். இந்த வருஷம் அவளே வந்து, லீவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே போயிருவோம் என்றாள். அவன் தலைகால் புரியாமல் குதித்தான். ஏன் இப்பவே என்று கேட்கத் தோன்றவில்லை.

"விழுந்துச்சா?" இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

"ம். நல்லா விழுந்திருக்கு."

 குளிர்காற்று மணலை இழுத்துக்கொண்டு போனது.

"கையுமா?"

  அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்தக் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவன் விரல், படத்தை அழிக்கிற பட்டனின் மேல் போய் நின்றது. படத்தைத்தான் அழிக்கலாம்.

அப்படியே விட்டுவிட்டு கேமராவை டைமரில் வைத்தான். டிரைபாடின் காலில் இடறப் பார்த்துச் சமாளித்து ஓடினான். மணல் காலை வாரியது.

"இருட்டுல எதுக்கு இப்படி ஓடுதிய?" என்றாள்.

அவன் அவள் பக்கத்தில் போய் நின்று, துப்பட்டாவுக்குள் கையை விட்டு, அந்தக் கையைத் தேடி வெளியே எடுத்தான். அது முதலில் விலகப் பார்த்தது. அப்புறம் வந்தது.

உள்ளங்கைக்குள் அது ஆடுவது தெரிந்தது.

இறுகப் பிடித்தான். இன்னும் இறுக்கினான்.

எதிரே ஷட்டர் திறக்கிற சத்தம் கேட்டது.

முப்பது நொடி இவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் அவன் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறான்.

மூடியது.

இந்த முறை அவள்தான் முதலில் போனாள். அவன் உடனே போகவில்லை. காரின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெல்ல வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

வானம் நிறைந்திருந்தது. அவள் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைக்குள் அவள் கை நகம்வரை தெளிவாக இருந்தது.

அவனுடைய முகமும் தோளும் இருந்த இடத்தில் வெறும் கலங்கல்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்கதான் அசஞ்சிட்டிய" என்றாள்.

"ஆமா" என்றான். "நான்தான்."