ஞானப்பல் எடுத்த முகம்

“வாயைத் திறக்கச் சொல்லாதீங்கோ மாமி. ஞானப்பல் எடுத்த இடம், தையல் பிரிஞ்சுடும்” என்றான் சாய்நாத்.

மகளின் முகவாயை நோக்கி நீண்ட கையைக் கோமளம் இழுத்துக்கொண்டாள். கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்த வைஜயந்தியின் இடது கன்னம் பன்னு மாதிரி உப்பியிருந்தது. விஷயம் கேள்விப்பட்டதும் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து, இந்த ராஜா அண்ணாமலைபுரம் ஃப்ளாட்டுக்கு ஓடி வந்திருந்தாள் கோமளம்.

“எப்போ எடுத்தா?”

“முந்தாநாள். பல் குறுக்கே முளைச்சிருந்ததாம். எலும்பைக் குடைஞ்சுதான் எடுத்தா. பேசவே கூடாது.”

“ஐஸ் வெச்சேளா?”

“அது வேற வைக்கணுமா?”

“முதல் நாளே கன்னத்துல வெளிப்பக்கமா வெச்சிருக்கணும். இனிமே வெதுவெதுன்னு உப்புத் தண்ணிதான். கொப்பளிச்சுத் துப்பப்படாது, தானா வழிய விடணும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சப்படாது. குழியில உறைஞ்ச ரத்தம் கிளம்பிடுத்துன்னா உயிர் போற வலி.”

சாய்நாத் சிரித்தான். “டாக்டரே இத்தனை சொல்லலை மாமி. பேசாம நீங்களே ஒரு கிளினிக் வெச்சுடுங்கோ.”

கோமளமும் சிரித்து வைத்தாள்.

வைஜயந்தி சிரிக்கவில்லை. அம்மாவின் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். உதடு அசையாமல் மெல்ல, “ஆத்துக்கு வரேம்மா” என்றாள்.

“பேசாதேன்னேனே” என்றான் சாய்நாத்.

தணிந்த குரல்தான். ஆனாலும் சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது.

“நாலு நாள் அழைச்சுண்டு போறேனே மாப்பிள்ளை. கஞ்சி கரைச்சுக் குடுத்து...”

“தாராளமா. ஆனா அடுத்த வாரம் நிச்சயதார்த்தத்தை வெச்சுண்டு, இந்த முகத்தோட இவ அங்க இருந்தா வரவா போறவா என்ன நினைப்பா? எங்க அத்தை வேற ஒரு மாதிரி. நான்தானே நடுவில நின்னு பேசி முடிச்சேன்?”

கோமளம் தன் இளைய மகளை நினைத்தாள். அவளுக்கு வந்த இடமெல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லித் தட்டிப்போய், கடைசியில் சாய்நாத்தின் அத்தை பிள்ளைதான் சரியென்று சொல்லியிருந்தான். அதற்குமேல் கோமளத்தால் வற்புறுத்த முடியவில்லை.

எதிர் ஃப்ளாட் குல்ஷன் இளநீரோடு எட்டிப் பார்த்தாள். கட்டிலருகே வந்தவள் கொஞ்ச நேரம் வைஜயந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பல்லு எடுத்ததுக்கா ஆன்ட்டி இப்படி? கண்ணுக்குக் கீழகூடக் கறுத்துப்போயிருக்கே.”

சாய்நாத் ஜன்னல் பக்கம் திரும்பினான். வைஜயந்தி அம்மாவையே பார்த்தாள்.

“ஞானப்பல் எடுத்தா அப்படித்தாம்மா” என்றாள் கோமளம். “ரத்தம் கட்டி முகமெல்லாம் பரவும். அப்புறம் மஞ்சளாகித் தானே ஆறிடும்.”

குல்ஷன் இளநீரைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனாள். கோமளமும் பையை எடுத்துக்கொண்டாள். மகளின் விரலிலிருந்து முந்தானையைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள்.

“நிச்சயதார்த்தத்துக்குள்ள சரியாயிடும்டி. அவர் சொல்றபடி கேட்டுண்டு இரு.”

தெருவுக்கு வந்து ஆட்டோவில் ஏறி, கசங்கிய முந்தானை நுனியை மடியில் வைத்து நீவிவிட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்கு முந்தின கோடையில் வைஜயந்தியின் ஞானப்பற்கள் அத்தனையையும் எடுக்கவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து உப்புத் தண்ணீர் கொடுத்துத் தேற்றியவள் கோமளம்தான். எடுப்பதற்கு அந்த வாயில் இனி ஞானப்பல்லே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்பது பெண்ணுக்கும் தெரியும்.